என் நெற்றியும் ஒரு வெறும் தகடும்

என் வேலை குழி தேடுவது. காரின் முன்னாலும் பின்னாலும் மாட்டுகிற பம்பர், பெயின்ட் அடிக்கப்பட்டு, அடுப்பில் வெந்து, சுற்றிலும் குழல் விளக்குகள் எரிகிற ஒரு கூண்டுக்குள் வந்து நிற்கும். ஒரு பக்கம் நானும் மறுபக்கம் தென்காசியிலிருந்து வந்த ஓர் அக்காவும் நின்று அதைப் பார்ப்போம். தூசி, கோடு, வழிசல், குழி இவற்றில் ஏதாவது இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். எதுவும் இல்லையென்றால் பச்சை.

இவற்றில் குழிதான் மோசம். அதை நாங்கள் க்ரேட்டர் என்போம். பெயின்ட் விழும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கடுகளவு இருந்தாலும் பெயின்ட் அதன்மேல் நிற்காது. விலகிக்கொண்டு வட்டமாக ஒரு பள்ளம் விடும். முகத்துக்குப் போடும் கிரீம், முடிக்குப் போடும் சீரம் போன்றவற்றில் இருக்கும் சிலிகான் இதில் பெயர்போனது. அதனால் பெயின்ட் ஷாப்புக்குள் போகிறவர்கள் கிரீம், பவுடர், சீரம், சென்ட், தேங்காய் எண்ணெய் எதுவும் போடக் கூடாது. போட்டுக்கொண்டு வந்து பிடிபட்டால் பேக்கிங் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே எல்லோரும் கான்ட்ராக்ட். அங்கிருந்து திரும்பி வந்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று இந்த விதியை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் என் தலையையே பார்த்தார்.

"தலைக்கு எண்ணெ வெக்காம வரச் சொல்றாங்களா? இன்னாடி கம்பெனி அது?"

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். அதற்கு மேல் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். தேவையில்லாத இடங்களிலும் இதைச் சொல்வது என் வழக்கம். இங்கே தேவை இருக்கிறது. எங்கள் பெயின்ட் ஷாப்பில் விளக்குக் கூண்டுக்குள் டிப்ளமோ படித்த பெண் நான் ஒருத்திதான். பயிற்சிக் காலம் முடியப்போகிற நேரம் அது. மாதக் கடைசியில் சூப்பர்வைசர் என்னைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி எச்.ஆருக்கு அனுப்புவார். அவர் சரி என்றால் நான் நிரந்தரம். இல்லையென்றால் பேக்கிங்.

இனி என் முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாதவிலக்கு வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது என் முகம் எண்ணெய் கக்க ஆரம்பிக்கும். காலையில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பென்னலூரில் கம்பெனி பஸ் ஏறினால், ஒரகடத்தில் இறங்கும்போது நெற்றி பளபளக்கும். தாடையில் இரண்டு மூன்று பருக்கள் வரும். கன்னத்தில் வராது, தாடையில்தான் வரும். எண்ணெயே வைக்காத முடி, எண்ணெய் வைத்ததுபோல் மண்டையோடு ஒட்டிக்கொள்ளும். விலக்கு வந்த பிறகு எல்லாம் தலைகீழ். பரு அடங்கும். தோல் வறண்டு மூக்கோரம் செதில் உதிரும். அந்த நாட்களில் புருவம் எடுக்கப் போனால் வழக்கத்தைவிட அதிகமாக வலிக்கும். படப்பையில் பார்லர் வைத்திருக்கும் பெண்மணி, என் கண்ணில் தண்ணீர் வந்தாலே "தேதியா? அடுத்த வாரம் வாயேன்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஒருவரிடம் இதைக் காட்டியிருக்கிறேன். பின்னால் வரிசை நீளமாக இருந்ததால் அவர் சுருக்கமாகத்தான் பேசினார். மாதத்தின் பின்பாதியில் உடம்பில் ஹார்மோன் மாறுவதால் தோலுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் வேலை செய்கின்றன, விலக்கு வந்ததும் குறையும், இது அழுக்கில்லை, தேய்த்துக் கழுவிப் புண்ணாக்காதே, கிள்ளாதே என்றார். எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

"சூடுதான்டி அது" என்றார் அம்மா. "மூணாம் நாளு தலைக்கு ஊத்துனா எறங்கிடுது பார்."

விலக்கான மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். ஊற்றியதும் பரு போய்விடும் என்பது அம்மாவின் அனுபவம். அது உண்மைதான், போகத்தான் போகிறது. ஊற்றாவிட்டாலும் போகும் என்று சொன்னேன். ஊற்றாமல் இருந்து பார்த்தாயா என்று கேட்டார். பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அதற்கு அனுமதி கிடையாது.

அந்த மாதம் பம்பர்களில் குழி வர ஆரம்பித்தது. முதலில் அங்கொன்று இங்கொன்றாக வந்தது, பிறகு ஷிஃப்டுக்கு ஒரு தள்ளுவண்டி நிறையச் சிவப்பு ஸ்டிக்கர். எங்கள் சூப்பர்வைசர் உள்ளூர்க்காரர், கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்கள் கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் கிடைக்காதபோது அவர் பெண்களின் முகத்தைப் பார்ப்பார்.

பெயின்ட் ஷாப் வாசலில் டிஷ்யூ பெட்டியோடு நின்று, உள்ளே போகிற பெண்களை ஒவ்வொருவராக நிறுத்தினார். ஆண்கள் ஓரமாகப் போனார்கள். என் முறை வந்தது. அது அந்த வாரம்.

"மூஞ்சில இன்னாமா போட்டுக்கினு வந்த?"

"ஒண்ணும் போடல சார்."

"இன்னாமா ஒண்ணும் போடல? மூஞ்சில டியூப்லைட்டே தெரியுது."

டிஷ்யூ ஒன்றை நீட்டினார். நெற்றியில் ஒற்றி எடுத்துக் கொடுத்தேன். காகிதம் எண்ணெய் குடித்து, பஜ்ஜி வைத்த தாள்போல் ஊடுருவித் தெரிந்தது. அவர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

"இது இன்னா?"

"என் எண்ணெய் சார்."

"உன் எண்ணெய்னா?"

"நான் உற்பத்தி பண்ணினது."

பின்னால் நின்ற தென்காசி அக்கா இருமினார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

"தோ பார்மா. மாசக் கடைசில உன் ரிமார்க் நான்தான் எழுதணும். நாளைலேர்ந்து அந்தக் கிரீம நிறுத்திடு. நான் யார்கிட்டயும் சொல்லல."

அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கிடைத்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அடுத்து நடந்தது இன்னும் மோசம். சில நாட்களில் எனக்கு விலக்கு வந்தது. வழக்கம்போல் முகம் தெளிந்தது, பளபளப்பு போயிற்று. அதே நாட்களில் பம்பரில் குழியும் குறைந்தது. மெயின்டனன்ஸ்காரர்கள் எதையோ கழற்றிச் சுத்தம் செய்திருந்தார்கள், அதனால் இருக்கலாம். சூப்பர்வைசர் பச்சை ஸ்டிக்கர்களைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்குக் கணக்கு நேராக வந்தது.

"பாத்தியா? சொன்னதும் நிறுத்திட்ட. குட்."

எங்கள் அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றுவது எப்படியோ, அவருக்கு என்னை அதட்டியது அப்படி. இரண்டும் பலித்தன. அம்மா விஷயத்தில் இதை விட்டுவிடலாம், அம்மா ரிமார்க் எழுதுவதில்லை. இவர் எழுதப்போவது, கிரீம் போட்டாள், கண்டித்தேன், திருந்தினாள் என்று. திருந்தியவள் என்று எழுதிவிட்டால் தப்பு செய்தவள் என்பதும் அதிலேயே இருக்கிறது.

மதிய இடைவேளையில் அக்காவிடம் சொன்னேன்.

"போயி சொல்லிர வேண்டியதுதான" என்றார் அவர், சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி.

"எப்படிக்கா சொல்றது?"

"வாயால சொல்லு. ஏட்டி, பம்பர்ல கடுகளவு குழிய நாலடி தள்ளி நின்னு கண்டுபிடிக்கியே. மாசாமாசம் வாரத வாயத் தொறந்து சொல்லத் தெரியலயா?"

அவரும் கூட வந்தார். சூப்பர்வைசர் கம்ப்யூட்டர் முன் இருந்தார். பெயின்ட் அடுப்பின் வெப்பநிலையைப் பற்றிப் பேசும் குரலில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

"சார், பீரியட்ஸுக்கு முந்தின வாரம் எனக்கு முகத்துல எண்ணெய் அதிகமா சுரக்கும். பருவும் வரும். பீரியட்ஸ் வந்ததும் போயிடும். போன தடவை போனது அதனாலதான். கிரீம் நான் போடவே இல்ல."

அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

"சரிமா, சரிமா. லீவு வேணுமா?"

"லீவு வேணாம் சார். பேனல் டெஸ்ட் வேணும்."

அப்போதுதான் திரும்பினார். எங்கள் பெயின்ட் ஷாப்பில் புதிதாக எது உள்ளே வந்தாலும் பேனல் டெஸ்ட் உண்டு. கையுறை, துடைக்கும் துணி, தரை கழுவும் சோப்பு என்று எதையும் விடமாட்டோம். உள்ளங்கையளவு தகட்டில் அந்தப் பொருளைத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்து, அடுப்பில் வைத்து எடுப்போம். குழி விழுந்தால் அந்தப் பொருளுக்கு உள்ளே இடமில்லை. புதுத் துடைப்பத்துக்குக் கிடைக்கிற நியாயம் என் நெற்றிக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டேன். இதே வார்த்தைகளில் கேட்கவில்லை. பொருள் அதுதான்.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இப்போ ஒண்ணும் காணோமே."

"இப்ப இல்ல சார். வந்ததும் சொல்றேன்."

"மாசக் கடைசிக்குள்ள வந்துடுமா?"

"வந்துடும் சார்."

அவ்வளவு உறுதியாக நான் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த வாரம் எங்களுக்கு நைட் ஷிஃப்ட் போட்டார்கள். ஷிஃப்ட் மாறினால் எனக்குத் தேதியும் தள்ளிப்போவது உண்டு. முகம் பளபளக்க வேண்டிய வாரம் வந்தது, முகம் பளபளக்கவில்லை. தாடையைத் தடவினேன், வழவழவென்று இருந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து பரு போக வேண்டும் என்று வேண்டியவள், வர வேண்டும் என்று காத்திருந்தேன்.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"இப்பதான்டி மூஞ்சி பாக்கறதுக்கு லட்சணமா கீது" என்று பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர் என்ன சோப்பு என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தம் உண்டா என்று டாக்டரிடம் நான் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் எதையும் விட்டுவைக்க மனமில்லை. படப்பை டீக்கடையில் வடை, மாம்பழம், வறுத்த வேர்க்கடலை எல்லாம் சாப்பிட்டேன். வயிறு கெட்டது. முகம் கெடவில்லை.

தினமும் ஷிஃப்ட் தொடங்கும்போது அக்கா என்னை விளக்குக் கூண்டுக்குள் நிறுத்தி, தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார்.

"ஒண்ணும் இல்லட்டி. பச்ச ஸ்டிக்கர்தான்."

"நெத்தியப் பாருங்கக்கா."

"நெத்தியும் ஓகே பீஸ். நல்லா உறங்குதியோ? கொஞ்சம் உறங்காம இருந்து பாரு."

சூப்பர்வைசர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போவார். எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் போன ஒவ்வொரு நாளும், நான் கிரீமை நிறுத்திவிட்டதற்கு ஒரு சாட்சி கூடிக்கொண்டே போயிற்று.

மாதம் முடிவதற்குக் கொஞ்சம் முன்பாக நாங்கள் பகல் ஷிஃப்டுக்குத் திரும்பினோம். பஸ்ஸில் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டு எழுந்தபோது கண்ணாடியில் நெற்றி வைத்திருந்த இடம் வட்டமாக மங்கியிருந்தது. விரலால் தொட்டேன், வழுக்கியது. தாடையில் கை வைத்தேன். இடது பக்கம், தோலுக்கு அடியில், அரிசியளவு ஒன்று வலித்தது. நான் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்கிற ஆள் இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டார்.

பெயின்ட் ஷாப்புக்குப் போனால் அக்கா வாசலிலேயே நின்றிருந்தார், முகத்தில் கலக்கம்.

"ஏட்டி, மறுபடி க்ரேட்டர் வந்துட்டு. விடிய விடியச் சிவப்பு ஸ்டிக்கர்தானாம்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "வேற நாளே கெடைக்கலயா ஒனக்கு?"

என் எண்ணெயும் பம்பரின் குழியும் ஒரே நாளில் வந்திருந்தன. யாராவது எழுதி வைத்திருந்தால்கூட இவ்வளவு சரியாக வந்திருக்காது. இப்போது சோதனையில் குழி விழுந்தால் அதோடு முடிந்தது. கிரீம் இல்லை என்பது உண்மையாகவே இருந்தாலும், முகத்தில் சுரக்கும் எண்ணெயே குற்றவாளி என்றாகிவிடும். கிரீமையாவது நிறுத்தலாம். இதை எங்கே நிறுத்துவது?

சூப்பர்வைசர் சிவப்பு ஸ்டிக்கர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் முன்னால் நின்றேன்.

"சார், வந்துடுச்சு."

நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"பேனல் எடுத்துக்கினு வா" என்றார்.

மூன்று தகடு கேட்டேன். எதற்கு மூன்று என்றார். ஒன்று என் நெற்றிக்கு, ஒன்று கிரீமுக்கு, ஒன்று எதுவும் தடவாமல் வெறுமனே இருக்க என்றேன். வெறும் தகடு எதற்கு என்றார். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லையென்றால் சோதனையே இல்லை என்று பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றேன். நான் டிப்ளமோ படித்தவள் என்பது அவருக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தது. பெருமூச்சு விட்டார்.

கிரீமை அக்கா தான் தங்கியிருக்கும் விடுதியிலிருந்து வாங்கி வைத்திருந்தார். இரண்டு பாலித்தீன் பைகளில் சுற்றி, வெடிகுண்டு தூக்குகிறவர்போல் கையை நீட்டிப் பிடித்து எடுத்து வந்தார். அதை வெளியிலேயே ஒரு தகட்டில் தடவினோம். அடுத்த தகட்டின் நடுவில் நான் நெற்றியை அழுத்தி வைத்து எடுத்தேன். தகடு குளிர்ச்சியாக இருந்தது. சூப்பர்வைசர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பேனல்ல சாம்பிள் பேரு எழுதணுமே, இன்னானு எழுதறது?" என்று கேட்டார்.

"கம்பெனி பேருன்னு இவ பேரயே எழுதுங்க சார்" என்றார் அக்கா. "சொந்தத் தயாரிப்புல்லா."

அவர் "ஸ்கின் ஆயில்" என்று எழுதினார்.

பெயின்டர் அண்ணன் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து அடித்துக் கொடுத்தார். அடுப்புக்குள் போனது. வெந்து, ஆறி வெளியே வரும்வரை பம்பர் பார்த்தேன். எத்தனை பார்த்தேன், எதற்கு என்ன ஸ்டிக்கர் ஒட்டினேன் என்று நினைவில்லை. அக்கா என் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

தகடுகளை விளக்குக் கூண்டுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். கிரீம் தடவிய தகடு ஆப்பம்போல் இருந்தது, நடுவில் எங்கே பார்த்தாலும் ஓட்டை. என் நெற்றித் தகட்டின் நடுவில், நெற்றி பட்ட இடத்தில், பெயின்ட் கொஞ்சம் மங்கலாக இருந்தது. குழி இல்லை. ஆனால் ஓரத்தில், என் நெற்றி தொடாத இடத்தில், இரண்டு குழிகள் இருந்தன.

"தோ கீதே" என்றார் சூப்பர்வைசர்.

"சார், அந்த வெறும் தகட்டப் பாருங்க."

எதுவும் தடவாத தகட்டை எடுத்து விளக்கில் சாய்த்தார். அதிலும் குழிகள் இருந்தன, என்னுடையதைவிட ஒன்றிரண்டு அதிகமாகவே. யார் முகமும் தொடாத, யார் கையும் படாத தகடு அது. அவர் அதைத் திருப்பிப் பின்புறத்தையும் பார்த்தார், பின்னால் ஒரு பெண் ஒளிந்திருப்பாளோ என்பதுபோல். பிறகு மூன்றையும் மறுபடியும் பார்த்தார். கடைசியில் பெயின்டர் அண்ணனிடம் திரும்பினார்.

"ஏர் லைன கழட்டிப் பாக்கச் சொல்லு."

பெயின்டைத் தூவுகிற காற்று வரும் குழாயைக் கழற்றினார்கள். காற்றை வடிகட்டும் இடத்தில், காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸரின் எண்ணெய் தேங்கியிருந்தது. எவ்வளவு காலமாகத் தேங்கியிருந்தது என்று யாரும் சொல்லவில்லை. கம்ப்ரஸரின் முகத்தை யாரும் டிஷ்யூவால் துடைத்துப் பார்த்ததில்லை.

சூப்பர்வைசர் என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் பக்கத்தில் வந்து நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, இது எல்லா லேடீஸுக்கும் இப்டித்தான் வருமா?"

"எல்லாருக்கும் இல்ல சார். நிறையப் பேருக்கு வரும்."

"எங்க வூட்டுல மாசாமாசம் ஒரு சோப்பு மாத்துறாங்க. புதுசு போட்டா ஒரு வாரத்துல பரு போயிடுதாம். அடுத்த மாசம் அந்தச் சோப்பு சரியில்லயாம், வேற வாங்கணுமாம்."

"எல்லாச் சோப்பும் ஒரு வாரத்துல வேல செய்யும் சார்."

அவர் மறுபடியும் சுற்றிலும் பார்த்தார்.

"இத நான் வூட்டுல சொல்லலாமா?"

"சொல்லாதீங்க சார்" என்றார் பின்னாலிருந்து அக்கா.

ரிமார்க் அனுப்பிவிட்டதாக மறுநாள் சொன்னார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "நல்லாத்தான் எழுதிக்கீறேன், போமா" என்றார். அந்த வாரமே எச்.ஆரிலிருந்து கூப்பிட்டார்கள். நிரந்தரம் என்று சொல்லிக் கை கொடுத்தார்கள். நிரந்தர ஆட்களுக்கு அடையாள அட்டை வேறு நிறம் என்பதால் அங்கேயே சுவரோரம் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். எடுத்தவர் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். நெற்றி பளபளத்தது. தாடையில் அரிசி இப்போது பட்டாணி ஆகியிருந்தது.

"பரு ஒண்ணு இருக்கு. எடுத்துடட்டுமா? ஒரு நிமிஷ வேலதான்."

"வேணாம், இருக்கட்டும்" என்றேன்.

அட்டையை அம்மாவிடம் காட்டினேன். படத்தைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு போய் எடுத்திருக்கலாமே என்றார். வாசலில் செக்யூரிட்டி அண்ணன் தினமும் அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார். மாதத்தில் ஒரு வாரம் இரண்டும் ஒத்துப்போகின்றன. மற்ற நாட்களில் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே விடுகிறார்.